கரடிக் காட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

மலையடிவார ஊர் ஒன்றில் கரடி ஒருவரைக் குதறிவிட்டது என்ற செய்தி வந்தால், மறுநாளே "விவசாயிகளுக்குத் துப்பாக்கி கொடுங்கள்" என்ற பதிவும் வந்துவிடுகிறது. பதிவோடு ஓர் அமெரிக்கக் காணொளியும் ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஒருவர் இன்ன கரடிக்கு இன்ன குழல், இன்ன தோட்டா என்று விரல்விட்டு விளக்குவார். இதைப் பகிர்பவர்கள் பொழுதுபோகாதவர்கள் மட்டுமாக இருந்தால் நான் எழுதவே தேவையில்லை. சமூக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களும் மேடையில் உழவர் உரிமை பேசும் பேராசிரியர்களும் இப்போது இதையே முன்மொழிகிறார்கள். குடுபல்லி, குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் வட்டாரத்தைப் பெயர் சொல்லியே முன்மொழிகிறார்கள். ஆகவே பெயர் சொல்லியே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். ஒரு மனிதனின் முகத்தைக் கரடி கிழிக்க வருகையில் அவன் கரடியைக் கொன்றால் அதில் அறப்பிழை எதுவும் இல்லை. சட்டமும் அப்படியே சொல்கிறது. என் மறுப்பு வேறிடத்திலிருந்து எழுகிறது. நீங்கள் கேட்கும் துப்பாக்கி நீங்கள் சொல்லும் வேலையைச் செய்யாது. செய்யாத வேலைக்கு ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால், செய்ய வேண்டிய வேலையிலிருந்து அரசு கைகழுவிக்கொள்ளும். ஏழை உழவனின் உயிர் இதில் பணயமாக இருப்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

நிலத்தை அறியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. குடுபல்லி, சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில் குப்பத்தை அடுத்துள்ள ஊர். ஆந்திரத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் தமிழகம், மறுபக்கம் கோலார். வீட்டுக்குள் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று வாழும் மக்கள். சுற்றிலும் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற குன்றுகள், முட்புதர்க் காடு, இடையிடையே மாந்தோப்பு, புளியமரம், கேழ்வரகு, நிலக்கடலை. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து யானைகள் இப்பக்கம் வந்தன. 1990இல் கவுண்டின்ய சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் இங்கே காட்டு விலங்கு என்றாலே யானை என்றாகிவிட்டது. அகழியும் சூரிய மின்வேலியும் யானைக்காக. கூட்டமும் மனுவும் யானைக்காக. கரடியைப் பற்றிப் பேசும் வழக்கமே இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் அமெரிக்கக் காணொளி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் கரடி அலாஸ்காவின் கரடி அன்று. கறையான் புற்றை உடைத்து உறிஞ்சித் தின்னும் விலங்கு இது. அதற்கு வாகாக மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இல்லாமலே அமைந்தது. இலந்தை, நாவல், அத்தி, தேன் என்று பருவத்துக்கேற்ப உண்ணும். கண்பார்வை மங்கல். புற்றை உறிஞ்சும்போது அது எழுப்பும் ஓசையில் மனிதன் நடந்துவரும் ஓசை அதன் காதில் ஏறாது. ஆகவே பெரும்பாலான தாக்குதல்கள் இரு தரப்பும் எதிர்பாராத சந்திப்புகள். புதரைச் சுற்றித் திரும்புகிறீர்கள்; ஏழெட்டு அடியில் அது இருக்கிறது. முதுகில் குட்டிகளைச் சுமந்த தாயாக இருந்தால் ஓடுவதைவிடப் பாய்வதையே தேர்ந்தெடுக்கும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய இனம். தப்பிப்பதற்கு அது கற்ற வழி, முந்திக்கொண்டு தாக்குவது. நிமிர்ந்து நின்று தலையையும் முகத்தையும் கிழித்துவிட்டுப் போய்விடும். தின்பதற்காக அது மனிதனைத் தேடி வருவதில்லை.

இப்போது கணக்கைப் போடுவோம். பாயும் கரடி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 10 மீட்டர். நன்கு வெட்டவெளியில், 20 மீட்டர் தொலைவிலேயே அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றாலும் இரண்டு நொடி. தோளில் தொங்கும் துப்பாக்கியை இறக்கி, குதிரையை இழுத்து நிறுத்தி, குறிபார்த்துச் சுட இரண்டு நொடி. புதர்க்காட்டின் ஏழெட்டு அடி என்றால் கணக்கே தேவையில்லை. அதுவும் எந்த நேரம்? கருக்கலில், அல்லது விடியுமுன் மோட்டார் போடப் போகையில். இதைப் பற்றி நம் வட்டாரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, மனுசனுக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒண்ணுல டார்ச்சு, ஒண்ணுல மம்பட்டி. துப்பாக்கிய எந்தக் கைல புடிக்கச் சொல்ற?"

சரி, மூன்றாவது கை இருப்பதாகவே கொள்வோம். அதில் எந்தத் துப்பாக்கி இருக்கும்? காணொளி மனிதர் கரடியைப் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறார். நம் உழவனுக்கோ உரிமப் பதிவேடுதான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று முதலில் நினைப்பது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவடைந்தால், 20 அங்குலத்துக்குக் குறையாத மழுங்கு குழல் துப்பாக்கி கிடைக்கலாம். இச்சட்டம் எழுதப்பட்டது பன்றியையும் மானையும் பறவையையும் மனத்தில் வைத்து. வயல் ஓரத்தில் பரண் கட்டி, நேரம் எடுத்துக்கொண்டு சுடுபவனுக்காக.

வாய்வழித் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். குழாய்க்குள் கருமருந்து, அதன்மேல் கந்தலோ தேங்காய் நாரோ, இடிகோலால் இடித்தபின் ரவை, மறுபடி அடைப்பு, கடைசியில் கேப்பு. ஒரு வெடி. அது தவறினால் இத்தனையையும் மறுபடி செய்யவேண்டும். கரடி அதுவரை காத்திருக்காது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும் இம்மூலையில் கருமருந்து ஈரம் கோத்து, கேப்பு மட்டும் சடக்கென்று வெடித்து அணைந்துபோவது உண்டு. அன்றியும், மாலையில் கெட்டித்து வைத்த ரவை எதற்கானது என்பது அப்போதே முடிவாகிவிடும். பறவைக்கோ முயலுக்கோ கெட்டித்த சிறு ரவை, அடர்ந்த ரோமமும் தடித்த தோலும் உள்ள, ஒரு குவிண்டாலைத் தாண்டக்கூடிய விலங்கை நிறுத்தாது; கொப்பளிக்கச் செய்யும். சைக்கிள் பால்ஸைப் போட்டுக் கெட்டிக்கும் வீரர்களும் இருக்கிறார்கள். குழாய் வெடித்து விரல் போனவர்கள் எந்தக் காணொளியிலும் தோன்றுவதில்லை.

இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்கலாம். பெரிய குண்டுகள் அடைத்த தோட்டா இரண்டு, பயிற்சி உள்ள கை, பத்து மீட்டர் இடைவெளி, நல்ல வெளிச்சம் இவ்வளவும் ஒருசேர வாய்த்தால் அது கரடியை வீழ்த்தும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அரை ஏக்கர் நிலக்கடலைக்காரர் அதன் விலையையும் தோட்டாவின் விலையையும் பயிற்சிக்குச் செலவாகும் தோட்டாக்களின் விலையையும் எங்கிருந்து எடுப்பார் என்பது. உரிமம் எவருக்குக் கிடைக்கும் என்பதையும் நாம் அறிவோம். துப்பாக்கி போவது நிலமும் செல்வாக்கும் உள்ள வீட்டுக்கு. கரடியின் முன் நிற்பது விறகுக்கும் புளிக்கும் சீத்தாப்பழத்துக்கும் காட்டோரம் போகும் கூலிப் பெண்கள். இந்த இருவரையும் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டுப் பேசுவதை, வர்க்கம் சாதி என்று ஆய்வேடு நிறைய எழுதும் நீங்களே செய்யலாமா?

இன்னொரு வேடிக்கை. தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு. ஆந்திரத்தில் மே 13 வாக்குப்பதிவு. ஜூன் 4 எண்ணிக்கை. சித்தூர் மாவட்டத்தில் மா பிஞ்சுவிட்டுப் பழுக்கும் பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. நடத்தை விதிகள் கரடியைக் கட்டுப்படுத்துவதில்லை.

அலாஸ்காவை நீங்களே இழுத்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். டாம் ஸ்மித், ஸ்டீவன் ஹெர்ரெரோ ஆகியோர் 1883 முதல் 2009 வரை அங்கே துப்பாக்கியோடு கரடியை எதிர்கொண்ட 269 நிகழ்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீண்ட குழல் துப்பாக்கி 76 விழுக்காடும் கரடியை நிறுத்தின என்ற வரியைத்தான் துப்பாக்கி அன்பர்கள் வெட்டி ஒட்டுகிறார்கள். அதே கட்டுரை சொல்லும் மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள்: துப்பாக்கி வைத்திருந்தவர்களில் அதைப் பயன்படுத்தியோருக்கும் பயன்படுத்தாதோருக்கும் காயத்திலும் இறப்பிலும் புள்ளியியல் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. இத்தொகுப்புக்குக் குறை இல்லாமல் இல்லை. சுட்டுத் துரத்திவிட்டு எவரிடமும் சொல்லாமல் போனவர்கள் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள். அதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் அங்கே பேசப்படுவது திறந்த வெளி, தோட்டா அடைத்த நவீனத் துப்பாக்கி, வேட்டையில் பழகிய கைகள். அப்படி இருந்தே முடிவு இவ்வளவு தடுமாறுகிறது என்றால், புதருக்குள் ஒற்றை வெடி நாட்டுத் துப்பாக்கிக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? அதே ஆய்வாளர்கள் 2008இல் மிளகுக் காரத் தெளிப்பானைப் பற்றி எழுதியதில், பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு அது பலித்ததாகக் கண்டார்கள். அந்தக் கட்டுரையை ஏன் ஒருவரும் பகிர்வதில்லை என்பது எனக்கு நெடுநாளாக ஒரு சிறு புதிர். கையில் தகரக் குப்பியோடு நிற்பவர் காணொளியில் அவ்வளவு கம்பீரமாகத் தெரியமாட்டார் போலும்.

துப்பாக்கி தோல்வியடைவதைவிட மோசமானது அது பாதி வெற்றியடைவது. ரவை பட்டு ஓடிய கரடி அடுத்த நாள் அதே குன்றில்தான் கிடக்கும். சுட்டவர் வீட்டில் இருப்பார். ஆடு மேய்க்கும் சிறுவன் அந்தக் குகை வழியே போவான். கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியான நூலில் அர்சிகெரே பக்கத்துக் கரடி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பலரது முகத்தைச் சிதைத்தது. நல்ல ரைஃபிளும் வாழ்நாள் அனுபவமும் கொண்ட அந்த மனிதருக்கே அதைத் தேடி முடிக்கப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. ஆண்டர்சனைப் படித்துவிட்டு ஆண்டர்சன் ஆகிவிடலாம் என்று நினைப்பது இலக்கிய மாணவர்களுக்கே உரிய நோய்.

தென்காசி மாவட்டம் கடையம் அருகே 2022 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வண்டியில் போன வியாபாரியைக் கரடி கீழே தள்ளிக் குதறியது. காப்பாற்ற ஓடியவர்களையும் விடவில்லை. அன்று ஊர்க்காரர் ஒருவர் கையில் மழுங்கு குழல் துப்பாக்கி இருந்திருந்தால்? கரடி மனிதன்மேல் கிடக்கிறது. விரிந்து பாயும் ரவை, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பார்க்குமா? துப்பாக்கி வேண்டும் என்போர் எவரும் இக்காட்சியைக் கற்பனை செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூனில் சீக்காகுளம் மாவட்டத்துக் கிடிசிங்கியில் முந்திரித் தோப்புகளில் மக்களைத் தாக்கிய கரடி, மயக்க ஊசி போட்டுப் பிடித்தபின் செத்தது. கடையத்துக் கரடியும் பிடித்துக் காட்டில் விட்டபின் பிழைக்கவில்லை. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களின் கையிலேயே நிலைமை இதுதான்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் "தற்காப்புக்குச் சுட்டால் சிறை" என்ற பொய்யும் கூடவே உலவுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு எந்தக் காட்டு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றம் அன்று என்கிறது. கரடி முதல் அட்டவணையில் இருந்தும்கூட. ஆனால் அதே பிரிவில் ஒரு வரம்பு உண்டு: அந்த வேளையில் இச்சட்டத்தை மீறிய செயல் எதிலும் ஈடுபட்டிருக்கக் கூடாது. இங்கே நாட்டுத் துப்பாக்கியோடு இரவில் அலைபவர்கள் பெரும்பாலும் பன்றிக்காகவே அலைகிறார்கள். கரடி குறுக்கிட்டால் அவர்களுக்கு இந்தக் காப்பு இல்லை. மண்வெட்டியால் கரடியை அடித்தவனுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு வேட்டைத் துப்பாக்கிக்காரனுக்கு இல்லை என்பதை, உரிமை பேசுவோர் ஊர்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறீர்களா? சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் கிடையாது என்ற 34ஆம் பிரிவையாவது?

இவ்வளவும் படித்துவிட்டு எதிர்த்தரப்பில் சிலர் மகிழ்ந்திருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். 'சகவாழ்வு' என்ற சொல்லைக் குளிரூட்டிய அரங்கில் மூன்று நாள் உருட்டிவிட்டு மாலையில் விடுதிக்குத் திரும்பும் கருத்தரங்கங்களும் இந்தத் துப்பாக்கிக் கூச்சலுக்குப் பொறுப்பு. கிழிந்த முகத்தைத் தைக்கத் தேவையான மருத்துவரும் தையலறையும் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கின்றன என்று ஒரு கட்டுரையாவது கேட்டதா? இழப்பீட்டு விண்ணப்பம் எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று? சகவாழ்வின் செலவு முழுவதையும் ஒரு தரப்பு தன் தசையால் கட்டும்போது, அத்தரப்பு துப்பாக்கி கேட்பது பிழையான விடையாக இருக்கலாம். கேள்வி பிழையானது அன்று.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றபின், திருமலை திருப்பதி தேவஸ்தானம் பாதயாத்திரிகர்களுக்குக் கைத்தடி கொடுத்ததை நாடே சிரித்தது. நம் துறை நண்பர்களும் சிரித்தார்கள். அப்பாதையில் கரடியின் நடமாட்டமும் கேமராவில் பதிவாகியிருந்தது. நான் சிரிக்கவில்லை. தடியால் சிறுத்தையை அடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கூட்டமாகப் போ, குழந்தையை நடுவில் விடு, பிற்பகலுக்குமேல் குழந்தையோடு ஏறாதே என்ற கட்டுப்பாடுகளோடு சேர்ந்தபோது அந்தத் தடிக்கு ஒரு பொருள் இருந்தது. கரடிக்காட்டில் தடியின் முதல் வேலை அடிப்பது அன்று. தரையைத் தட்டி ஓசை எழுப்புவது. சந்திப்பு நிகழாமலே தவிர்ப்பது. தடியின் தலையில் ஒரு சலங்கையையோ மாட்டுமணியையோ கட்டிவிட்டால் புற்றருகே உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு ஐம்பது அடி முன்னமே செய்தி போய்ச் சேரும். இரண்டு நொடியை இருபது நொடியாக்கும் எந்தத் தோட்டாவும் இல்லை. அதை மாட்டுமணி செய்கிறது. தாக்கிவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்வது. இவ்வளவும் ஊர்ப் பள்ளியில் ஒரு மணி நேரத்தில் கற்பிக்கக்கூடியவை.

துப்பாக்கிக்குச் செலவிடும் கோபத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்பீர்களானால்: பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் பகலில் முழுமையாக வருவதற்கு, காட்டோரக் குடியிருப்புகளில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதற்கு, ஏனெனில் விடியற்காலையில் புதர்ப்பக்கம் ஒதுங்கப் போகிறவர்களே முதலில் சிக்குகிறார்கள், பாதையோர உண்ணிப் புதரை வெட்டுவதற்கு. குன்றுகளைப் பற்றியும் பேசுங்கள். 'குப்பம் கிரீன்' என்ற பெயரில் எந்த ஊர்த் தரைக்கோ போகும் கருங்கல் இந்தக் குன்றுகளிலிருந்து வெட்டப்படுகிறது. பாறை இடுக்குதான் கரடியின் வீடு. வெடிவைத்து வீட்டை உடைத்துவிட்டு, வெளியே வந்தது ஏன் என்று கரடியிடம் கேட்கிறோம். குவாரி உரிமம் பற்றி வாய் திறக்காமல் துப்பாக்கி உரிமம் பற்றி மட்டும் பேசுவது யாருக்கு வசதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மக்களைத் தொடர்ந்து தாக்கும் தனிக் கரடி ஒன்று உண்டானால் அதைச் சுட வேண்டிவரலாம். அதற்குத் தலைமைக் காப்பாளரின் ஆணை வேண்டும். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஒருவர் சுட வேண்டும். 2022இல் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோதுகூட, சுடுபவர் உரிமம் பெற்ற குறிகாரராகவே இருக்க வேண்டும் என்றுதான் வைத்தது. அரசின் வேலையை அரசு செய்யட்டும். அதை உழவனின் தோளில் குழலாக மாட்டிவிட்டு, செத்தால் அவன் குறி தவறிவிட்டான் என்று கோப்பை மூடும் வசதியை நாம் ஏன் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்?

மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். எழுதும்போது மட்டும் எந்தத் துப்பாக்கி, அதில் எந்தத் தோட்டா, கரடி எத்தனை அடி தூரத்தில், நேரம் என்ன, டார்ச் யார் கையில் என்ற ஐந்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.